அக்கா சொன்ன நிறம்

தம்பி என்றால் சின்னப் பையன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தலையில் பாதி முடி கொட்டி, மிச்சம் நரைத்து, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமலே ஐம்பதைத் தாண்டிவிட்ட ஆள். ஆனால் அக்காவுக்கு அவன் தம்பி. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே தம்பியாகிவிட்டான். முதுகுக்குப் பின்னால் அவனுக்கு ‘உடும்பு’ என்று இன்னொரு பெயரும் உண்டு. மழை விட்ட மறுநாள் காலையில், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காட்டில் அவன் குப்புறக் கிடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. வயிறு, மார்பு, தாடை எல்லாம் மண்ணில் ஒட்ட, ஒரு சாண் தூரத்தில் ஒரு காளானை வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பான். நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாலும் எழுந்திருக்க மாட்டான்.

எல்லோரும் காளானை மேலேயிருந்துதான் பார்க்கிறார்கள். அவனுக்குக் கீழேயிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் விரல் உயரக் காளான் பெரிய மண்டபமாகிவிடும். குடைக்கு அடியில் புத்தகத் தாள்களை விரித்து வைத்ததுபோல் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்த மடிப்புகளுக்குள் வெளிச்சம் நுழைந்துவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் நிற்கும். அதைத்தான் எடுப்பான். அதுவும் கருப்பு வெள்ளையில் மட்டும். வாலிபம் முழுக்கக் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தவன். பளபளக்கும் துணியையும் பூவையும் சீரியல் விளக்கையும் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் புளித்துப்போயிருந்தது. ஸ்டுடியோ வேலையைப் பாஸ்போர்ட் படங்களோடு நிறுத்திக்கொண்ட நாளில், தன் கேமராவைக் கருப்பு வெள்ளைக்குத் திருப்பி வைத்தான். அப்புறம் கலர் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தாலே உலகம் சாம்பலாகத்தான் தெரியும். போகப் போக வெறுங்கண்ணுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்ற கணக்குதான். காலையில் என்ன கலர் சட்டை போட்டாய் என்று சாயங்காலம் கேட்டால், குனிந்து பார்த்துத்தான் சொல்வான்.

அக்கா அப்படியே நேரெதிர். கடைத்தெருவில் நூல், பட்டன், லைனிங் துணி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. தையல்காரர்கள் நகமளவு துணித் துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவள் அதைக் கடை வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பாள். உள்ளே போவாள், அதே நிறத்தில் நூல்கண்டை எடுத்துவந்து வைப்பாள். கருப்பிலேயே எத்தனையோ கருப்பு இருக்கிறது என்று வாடிக்கையாளர்களோடு வாயாடுவாள். முதலாளிக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார். ஒரு நிறத்தை அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவள்தான். கல்யாணமாகிப் போனவள், கட்டியவரும் இறந்துபோகத் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தாள். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டே நிம்மதியாக இருந்தார்கள். மழைக்கு மறுநாள் அவன் காட்டுக்குக் கிளம்பினால் அவளும் கூடவே கிளம்புவாள். காளான் குடைக்கு அடியில் வெளிச்சம் விழாது என்பதால், வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சாய்த்துப் பிடித்து வானத்து வெளிச்சத்தை உள்ளே தள்ள வேண்டும். அந்த அட்டையைப் பிடிப்பது அக்காவின் வேலை. வாய் சும்மா இருக்காது.

“கடவுள் மெனக்கெட்டு இத்தனை கலர் போட்டு வச்சிருக்கான். நீ வந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிட்டுப் போற.”

“ஆடாதக்கா. வெளிச்சம் நகருது.”

“கை கடுக்குதுடா.”

“இன்னும் ஒரே ஒண்ணு.”

“உன் ஒரே ஒண்ணு எனக்குத் தெரியாதா? இதுவரைக்கும் எடுத்த ஒரே ஒண்ணயெல்லாம் மூட்டையா கட்டினா வீட்டுக்குள்ள நடக்க முடியாது.”

போன வருஷம் அந்தக் காட்டோரத்தில், தோட்ட வேலை செய்பவர்கள் கொட்டிவிட்டுப் போன பழைய வைக்கோல் குவியலில் காளான் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. தோட்டக்காரரே பறித்துப் பார்த்து, சாப்பிடுகிற வகைதான் என்று சொன்னார். அக்கா வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிச் சாப்பிட்டுவிட்டு, அந்த ருசியைப் பற்றி ஒரு வருஷம் பேசினாள். தம்பி மட்டும் தொடவில்லை. அவன் எந்தக் காளானையும் வாயில் வைக்க மாட்டான். “முகம் பார்த்துப் பழகினத எப்படிக்கா திங்கிறது?” என்பான். ஆனால் அந்த வைக்கோல் காளானைக் கீழேயிருந்து அவன் எடுத்த படம் பிரமாதமாக வந்திருந்தது. பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் மாட்டி, சமையலறைச் சுவரில் தொங்கவிட்டிருந்தான்.

இந்த வருஷம் வைக்கோல் குவியலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, மரத்தடியில் முளைத்திருந்தது. சில பாதி விரிந்த குடைகள், சில இன்னும் முட்டைபோல மூடியிருந்த மொட்டுகள். தம்பிக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. குப்புற விழுந்தான். அக்கா அட்டையைப் பிடித்தாள். எடுத்து முடிந்ததும் அவள் முந்தானையை விரித்து நாலைந்தைப் பறித்துப் போட்டுக்கொண்டாள்.

“போன தடவை வைக்கோல்ல வந்துச்சு. இது மரத்தடில வந்திருக்கேடா, அதே ஜாதிதானா?”

“வீட்டுல போய்ப் பார்த்துச் சொல்றேன்” என்றான் தம்பி.

நடந்தது அங்கேதான். சமையலறையில் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மேடைமேல் சாய்த்து வைத்தான். காளான் ஒன்றை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். திருப்பினான், சாய்த்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். காலையில் எடுத்த படத்தையும் கேமராவின் சின்னத் திரையில் போட்டு ஒப்பிட்டான். தன் படத்தை இப்படிப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“தண்டுக்கு அடியில கிண்ணம் மாதிரி இருக்கு பார், அதுலயும் இருக்கு, இதுலயும் இருக்கு. மடிப்பும் அதே நெருக்கம். நிழல் விழுறதுகூட ஒரே மாதிரி. ரெண்டும் ஒண்ணுதான்க்கா.”

அக்கா அவன் கையிலிருந்ததை வாங்கிக் கழுவினாள். மதியம் வதக்கிச் சாப்பிட்டாள். மீதி இருந்ததை ராத்திரிக்கு ரொட்டியோடு சாப்பிட்டாள். அன்றைக்கு வீட்டில் பேச்செல்லாம் அந்த ருசியைப் பற்றித்தான்.

காலையில் தம்பி எழுந்து பார்த்தபோது அக்கா குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது. எப்போதிலிருந்து வாந்தி என்று கேட்டதற்கு, படுத்துக் கொஞ்ச நேரத்திலிருந்து என்றாள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, “நீ தூங்கிட்டிருந்தியேடா” என்றாள்.

தெருமுனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். எதையும் அலட்சியமாக விடுகிற பெண்ணும் இல்லை. காளான் என்ற வார்த்தையைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு விவரம் கேட்டாள். பேசிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“மதியம் சாப்பிட்டதுக்கு ராத்திரி வாந்தின்னா ரொம்பத் தாமதமா வந்திருக்கு. அது நல்லதில்ல. ராத்திரி சாப்பிட்டதுக்குன்னா வேற எதாவது ஒத்துக்காம இருந்திருக்கலாம். ரெண்டு வேளையும் சாப்பிட்டிருக்கீங்க, அதான் குழப்பம்” என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். “சார், குடைக்கு அடியில மடிப்பு இருக்குமே, அது என்ன கலர்ல இருந்துச்சு? ரோஸ்னா நீங்க சொல்ற வைக்கோல் காளான், சாப்பிடுற வகை. பயமில்ல. வெள்ளைன்னா அது ஈரலைத் தாக்குற விஷம். உடனே பெரிய இடத்துக்கு அனுப்பணும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.”

“படம் இருக்கு டாக்டர்” என்று தம்பி அவசரமாகக் கேமராவை எடுத்துக் காட்டினான். எடுத்துக்கொண்டு வந்திருந்தான், பாவம். டாக்டர் வாங்கிப் பார்த்தாள். படம் அழகாகத்தான் இருந்தது. மடிப்புகள் எல்லாம் மெல்லிய சாம்பல் நிறம்.

“இதுல கலர் தெரியலையே சார்.”

“கருப்பு வெள்ளை…”

“கலர்ல ஒண்ணுகூட இல்லையா?”

“நான் கலர்ல எடுக்கிறதில்ல.”

“சரி, நேர்ல பார்த்தீங்களே? ஞாபகம் இருக்குமே?”

அவன் கண்ணை மூடி யோசித்தான். ஒரு சாண் தூரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, காலை நேரம் முழுக்கப் பார்த்த காளான். எந்த மடிப்பில் நிழல் திரும்பியது, எந்த இடத்தில் ஒரு எறும்பு நின்றது எல்லாம் சொல்வான். நிறம் மட்டும் இல்லை. ரோஸுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே தெரியாத படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒண்ணுதான் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நின்ற இடத்திலேயே முகம் வெளிறிவிட்டது.

“ரோஸ்தான்” என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“நான்தானே வெட்டினேன். அவனக் கேட்டா? அவனுக்கு எது கலரு, எது என்னன்னு எங்க தெரியும்? லேசான ரோஸ், டாக்டரம்மா. குழந்தை நகத்துக்கு அடியில இருக்குமே, அந்த ரோஸ்.”

“நிச்சயமாத் தெரியுமாம்மா?”

“என் பிழைப்பே அதுதான்மா. வேணும்னா கடைத்தெருவுல விசாரிச்சுப் பாருங்க.”

டாக்டருக்கு முழுத் திருப்தி இல்லை. முதல் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எதற்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமே என்றாள். அக்கா ஒரே பிடியாக மறுத்தாள். சாயங்காலத்துக்குள் வாந்தியும் நின்றுவிட்டது. தேநீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவின் போர்வைக்கு ஓரம் அடித்த நூல் நிறம் பொருந்தவில்லை என்று வம்பளந்தாள். சரி, காலையில் இன்னொரு தடவை ரத்தம் பார்க்கலாம், முடிந்தால் அந்தக் காளான் ஒன்று கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள்.

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காளானைத் தேடிப் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அக்கா கண் சொல்லிவிட்டது, அதற்குமேல் என்ன? அன்றைக்குச் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டான். அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டு, “போடா, ரொம்பத்தான்” என்றாள்.

மறுநாள் அக்கா இன்னும் தெளிவாக இருந்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், முடிவு வரக் கொஞ்ச நேரமாகும். “சும்மா உட்கார்ந்து என் மூஞ்சியப் பார்க்காம எங்கயாவது போயிட்டு வா” என்று அவளே விரட்டினாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் தம்பி கேமராவோடு வீட்டுக்குப் போய்த் தெர்மாகோல் அட்டையையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். முந்தாநாள் எடுத்த படத்தில் ஓரம் கொஞ்சம் ஆடியிருந்தது. அதைச் சரியாக எடுக்க வேண்டும் என்பதுதான் அவன் கவலை.

மரத்தடியில் மொட்டாக இருந்தவை விரிந்திருந்தன. குப்புறப் படுத்தான். அட்டையைப் பிடிக்க ஆளில்லை. அதனால் காளானுக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து நிறுத்தினான். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தான். ஏதோ சரியில்லை. மடிப்புகளின் விளிம்பு தெரியவில்லை. காளான் எங்கே முடிகிறது, அட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்துபோயிருந்தன. லென்ஸில் ஈரமோ என்று துடைத்துப் பார்த்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். ரோஸாக இருந்தால் அட்டையைவிட ஒரு சாயலாவது கருத்துத் தெரிய வேண்டும். அது அவன் தொழில், அதில் அவனுக்குத் தவறாது.

கேமராவைக் கீழே வைத்தான். தாடையை மண்ணில் பதித்தபடியே, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, நிறம் பார்ப்பதற்காக ஒரு பொருளைப் பார்த்தான்.

வெள்ளை. அட்டையைப் போலவே வெள்ளை.

கேமராவையும் அட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு, காளானைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினான். வழியில் ஒன்றுதான் மனதில் ஓடியது: இது வேறு, அக்கா வெட்டியது வேறு, அக்கா பார்த்தது ரோஸ். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரியாத தெய்வங்களையெல்லாம் கெஞ்சினான்.

அக்கா உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள்.

“என்னடா இது, சட்டையெல்லாம் மண்ணு?”

அவன் கைக்குட்டையை விரித்து நீட்டினான். “இதுதானேக்கா?”

அவள் காளானைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சீப்பை மடியில் வைத்துவிட்டாள்.

“ரோஸ்னு சொன்னியே.”

“பிஞ்சா இருக்கு, இன்னும் நிறம் ஏறலன்னு நெனச்சேன்டா வெட்டும்போது.”

“டாக்டர்கிட்ட ஏன் ரோஸ்னு சொன்ன?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “அந்தப் பொண்ணு ஈரல்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்கப் பார்த்தேன். அம்மா போன அன்னிக்கு நின்ன மாதிரியே நின்ன. எனக்கு மனசு கேட்கல. எனக்கும் வாந்தி குறைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. சரியாயிடும், உனக்குத் தெரியாமலே போயிடும்னு நெனச்சேன்.”

“உனக்கு அறிவிருக்கா?” என்று கத்தினான் தம்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துக் கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. “என் மூஞ்சி என்ன பெரிய மூஞ்சியா? அதுக்காக நீ…” அப்படியே மண் சட்டையோடு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் ஏறக்குறைய ஓடித்தான் வந்தாள். “ஈரல் அடிபட்டிருக்கு. இந்த விஷம் நடுவுல ஒரு நாள் தேறின மாதிரி ஏமாத்தும்” என்றாள்.

ஆம்புலன்ஸில் அக்கா நன்றாகத்தான் பேசினாள். கடையில் அடுக்கி வைக்காமல் விட்ட பட்டன் டப்பாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மாற்றி மாற்றி வந்தார்கள், எதெதையோ ஏற்றினார்கள், எதெதையோ எடுத்தார்கள். அதில் வயதானவர் ஒருவர், “முதல் நாளே வந்திருந்தா…” என்று ஆரம்பித்துவிட்டு, தம்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தாமல் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. யாரும் திட்டவில்லை.

மெல்ல மெல்ல அக்காவின் பேச்சு குறைந்தது. தூக்கம் கூடியது. கண்ணோரத்தில் மஞ்சள் கட்டத் தொடங்கியது. முதலில் மூக்குப் பக்கம் மட்டும் ஒரு கோடாக, பிறகு விழி முழுக்க, பிறகு நெற்றி, கழுத்து, உள்ளங்கை. இத்தனை காலம் எந்த நிறத்தையும் பார்க்காதவனுக்கு அந்த ஒரு நிறம் துல்லியமாகத் தெரிந்தது. நேற்றைய மஞ்சளுக்கும் இன்றைய மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை நர்ஸுக்கு முன்னால் அவன் சொல்வான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் குறைவாகத் தெரிகிறதா என்று இழுத்துப் பார்ப்பான். குறையவில்லை.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு நல்ல நினைவு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவள் தன் கையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. தம்பி அந்தக் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்து, தன் கையால் மூடிக்கொண்டான்.

“இங்க கண்ணாடியே இல்லடா” என்றாள். குரல் நூலாக வந்தது. “என் கண்ணப் பார்த்துச் சொல்லு. மஞ்சளாயிடுச்சா?”

அவன் குனிந்தான். காட்டில் குனிவதுபோலவே, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கண்களைப் பார்த்தான். அவ்வளவு மஞ்சளை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

“இல்லக்கா” என்றான். “வெள்ளையாத்தான் இருக்கு.”

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அசையாமல் நின்றான். மூச்சுகூட விடவில்லை.

“நல்லாப் பார்த்தியா?”

“நல்லாப் பார்த்தேன்.”

“அப்போ சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அவள் போய்விட்டாள். அவன் சொன்னதை நம்பினாளா, அவன் மனசு நோகக் கூடாதென்று நம்புவதுபோல் நடித்தாளா என்று தம்பிக்கு இன்றுவரை தெரியாது. கேட்பதற்கு அக்கா இல்லை.